பலநிலைத் தலைப்பு எண்ணிடல்

பலநிலைத் தலைப்பு எண்ணிடல் என்பது, சொற்செயலி மென்பொருளில் உருவாக்கப்படும் ஆவணம் ஒன்றின் தலைப்புகளுக்கும் துணைத் தலைப்புகளுக்கும் அவற்றின் படிநிலையைக் காட்டும் வகையில் 1, 1.1, 1.1.1 எனத் தானாகவே எண் இடப்படும் வசதி ஆகும். ஆய்வேடுகள், ஒப்பந்தங்கள், தரநிலைகள், தொழில்நுட்பக் கையேடுகள், அரசு அறிக்கைகள் முதலியவற்றில் இது இன்றியமையாதது. தலைப்பு ஒன்று இடையில் சேர்க்கப்பட்டாலோ நீக்கப்பட்டாலோ அதன் பின்வரும் எண்கள் யாவும் தாமாகவே மாறிக்கொள்ளும் என்பது இதன் முதன்மையான பயன் ஆகும்.

எனினும் சொற்செயலிகளில் பயனர்களை அதிகம் குழப்பும் வசதிகளுள் இதுவும் ஒன்று. இரண்டாம் இயலின் முதல் துணைத் தலைப்பு 2.1 என வராமல் 1.5 என வருதல், எண் திடீரென மறைதல், எண் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம் தோன்றுதல் போன்றவை பரவலாகக் காணப்படும் சிக்கல்கள். இவை தோற்றக் குறைகள் மட்டும் அல்ல. "உட்பிரிவு 4.2 இல் கூறியவாறு" என்று எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் எண்கள் ஓரிடம் நகர்ந்துவிட்டால், அத்தொடர் முற்றிலும் வேறொரு கடப்பாட்டைச் சுட்டத் தொடங்கிவிடும். இக்கட்டுரை பெரும்பாலும் மைக்ரோசாப்ட் வேர்டு மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு இச்சிக்கல்களின் காரணங்களையும் தீர்வுகளையும் விளக்குகிறது.

எண்ணமைப்பின் இயல்பு

நூலொன்றைப் பகுதி, உட்பகுதி எனப் படிநிலையாகப் பிரிப்பது தமிழுக்குப் புதியது அன்று. தொல்காப்பியம் மூன்று அதிகாரங்களாகவும், ஒவ்வொரு அதிகாரமும் ஒன்பது இயல்களாகவும், இயல்கள் நூற்பாக்களாகவும் பகுக்கப்பட்டுள்ளன. இன்று தமிழ் ஆய்வேடுகளில் அத்தியாயத்தை "இயல்" எனக் குறிக்கும் வழக்கம் இம்மரபை ஒட்டியதே. ஆயினும் எல்லா நிலைகளின் எண்களையும் புள்ளியால் இணைத்து ஒரே தொடராக எழுதும் முறை மேனாட்டு வழக்கின் வழி வந்தது. இதற்கெனப் பன்னாட்டுத் தரப்படுத்தல் நிறுவனம் 1978 இல் ஐஎஸ்ஓ 2145 என்னும் தரநிலையை வெளியிட்டது. இதன்படி அரபு எண்களே பயன்படுத்தப்படும். நிலைகளுக்கு இடையே புள்ளி இடப்படும். கடைசி எண்ணை அடுத்துப் புள்ளி இடப்படுவதில்லை.

இவ்வெண்கள் பதின்மங்கள் போலத் தோன்றினும் பதின்மங்கள் அல்ல. 1.9 ஐ அடுத்து வருவது 1.10 ஆகும்; அது 1.1 இலிருந்து வேறானது. மெய்யியலாளர் லூட்விக் விட்கென்ஸ்டைன் 1921 இல் வெளியான தமது டிராக்டேட்டஸ் நூலில் கையாண்ட எண்முறை இதற்கு மாறானது. அங்கே 1.11 என்பது பதினோராவது கூற்று அன்று, 1.1 ஆம் கூற்றின் மீதான முதல் விளக்கம். சொற்செயலிகள் அம்முறையைப் பின்பற்றுவதில்லை.

செயற்படும் முறை

சிக்கல்களைத் தீர்ப்பதற்கு முன், எண் எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். வேர்டில் தலைப்பு எண் என்பது தட்டச்சு செய்யப்பட்ட உரை அன்று. மூன்று கூறுகள் இணைந்து அதனை உருவாக்குகின்றன.

முதலாவது பாணி. "ஹெடிங் 1" முதல் "ஹெடிங் 9" வரை ஒன்பது தலைப்புப் பாணிகள் வேர்டில் உள்ளிணைக்கப்பட்டுள்ளன. இவை இயல்பாக எண் அற்றவை. இரண்டாவது பட்டியல் வரையறை. ஒரு பலநிலைப் பட்டியலில் ஒன்பது நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் எண்ணின் வடிவம், தொடக்க மதிப்பு, எந்நிலைக்குப் பின் மீண்டும் தொடங்கவேண்டும் என்பது, இடப்பெயர்ச்சி ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருக்கும். மூன்றாவது இவை இரண்டையும் பிணைக்கும் இணைப்பு. அதாவது பட்டியலின் முதல் நிலை ஹெடிங் 1 பாணியோடும், இரண்டாம் நிலை ஹெடிங் 2 பாணியோடும் கட்டப்பட்டிருத்தல். இம்மூன்றாவது கூறு விடுபடுவதே மிகப் பெரும்பாலான சிக்கல்களின் வேர் ஆகும்.

கோப்பின் உள்ளமைப்பைப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். 2006 டிசம்பரில் எக்மா 376 எனவும், 2008 இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 29500 எனவும் தரப்படுத்தப்பட்ட ஓப்பன் எக்ஸ்எம்எல் கோப்பு உண்மையில் ஒரு சிப் பொதியே. அதன் உள்ளே எண்ணிடலுக்கு எனத் தனியே ஒரு கோப்பு உண்டு. அதில் இரண்டு அடுக்குகள் காணப்படும். ஒன்று "கருத்தியல் பட்டியல்". எண்ணின் வடிவம் முழுவதும் இங்கேயே வரையறுக்கப்படுகின்றது. மற்றொன்று அதன் "நிகழ்வு". பத்திகளும் பாணிகளும் கருத்தியல் பட்டியலை நேரடியாகச் சுட்டுவதில்லை. நிகழ்வின் எண்ணையே சுட்டுகின்றன. வேர்டு 97 முதல் பழைய இரும வடிவக் கோப்பிலும் இதே ஈரடுக்கு அமைப்பே இருந்தது. எனவே திரையில் ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு தலைப்புகள் உள்ளே இரு வேறு பட்டியல்களைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும். வெளியே பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு தெரிவதில்லை. ஒரு பட்டியலின் எண்ணோட்டத்துக்கு மற்றதன் இருப்பும் தெரிவதில்லை.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஒரு பத்திக்கு நேரடியாக வழங்கப்பட்ட வடிவமைப்பு அதன் பாணியில் உள்ளதை மீறும். தலைப்பின் மீது சுட்டியை வைத்து எண் பொத்தானை ஒருமுறை அழுத்தினாலே அப்பத்தி பாணி வழியான எண்ணை விட்டு நேரடி எண்ணுக்கு மாறிவிடலாம். வேர்டில் பத்தியின் வடிவமைப்புகள் யாவும் அதன் இறுதியில் உள்ள பத்திக் குறியில் சேமிக்கப்படுகின்றன. கன்ட்ரோல், ஷிப்ட், 8 ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தி இக்குறிகளைக் காணலாம். தலைப்பு எண் மட்டும் காரணமின்றிச் சிவப்பாகவோ தடித்தோ தோன்றினால், அப்பத்திக் குறிக்கு வழங்கப்பட்ட எழுத்து வடிவமைப்பே அதற்குக் காரணமாக இருக்கும். குறியைத் தெரிவு செய்து கன்ட்ரோலும் இடைவெளி விசையும் அழுத்தினால் அது நீங்கும்.

சிக்கலைக் கண்டறிதல்

எதையும் மாற்றுவதற்கு முன்னர், சிக்கலுள்ள எண்ணின் மீதே ஒருமுறை சொடுக்கிப் பார்த்தல் வேண்டும். எண்ணைத் தனி எழுத்துகளாகத் தெரிவு செய்ய முடிந்தால் அது கையால் தட்டச்சு செய்யப்பட்டது; தானியங்கி எண் அன்று. தானியங்கி எண் எனில் அது சாம்பல் நிறமாகும். அதனோடு அதே பட்டியலில் அதே நிலையில் உள்ள பிற எண்களும் சேர்ந்தே சாம்பல் நிறமாகும். எனவே இரண்டாம் நிலை எண் ஒன்றைச் சொடுக்கியபின் ஆவணத்தை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தால், நிறம் மாறாது நிற்கும் இரண்டாம் நிலைத் தலைப்புகள் எவை என்பது தெரிந்துவிடும். அவையே வேறு பட்டியலுக்குத் தப்பிச் சென்றவை. பத்து நொடிகளில் முடியும் இச்சோதனையைச் செய்யாமல் மணிக்கணக்கில் எண்களைத் திருத்துவோரே அதிகம்.

அடுத்து, ஷிப்ட் எஃப்1 விசைகளை அழுத்தினால் "ரிவீல் ஃபார்மட்டிங்" என்னும் பலகம் திறக்கும். இடஞ்சுட்டி உள்ள பத்தியின் பாணி, பட்டியல், நிலை ஆகியவை அதில் காட்டப்படும். தலைப்பு போலவே பெரிய எழுத்தில் தோன்றும் பத்தி உண்மையில் "நார்மல்" பாணியில் இருப்பதை இங்கே கண்டுகொள்ளலாம்.

பரவலான சிக்கல்கள்

துணைத் தலைப்பு முந்தைய இயலின் எண்ணையே காட்டுதல்

இரண்டாம் இயலில் 2.1, 2.2 என வரவேண்டியவை 1.4, 1.5 எனத் தொடர்தல் எல்லாவற்றிலும் அதிகமாக முறையிடப்படும் சிக்கல். இதன் பொருள் எளியது: துணைத் தலைப்புகள் இருக்கும் பட்டியல், இரண்டாம் இயலின் தலைப்பு வந்ததையே அறியவில்லை. அவ்வியல் தலைப்பின் எண் கையால் தட்டச்சு செய்யப்பட்டிருக்கலாம், அல்லது அது வேறு பட்டியலில் இருக்கலாம். அத்தலைப்புக்கு ஹெடிங் 1 பாணியை மீண்டும் இட்டு (கன்ட்ரோல், ஆல்ட், 1), பின்னர் கன்ட்ரோல் க்யூ விசைகளால் நேரடிப் பத்தி வடிவமைப்பை நீக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தட்டச்சு செய்யப்பட்ட எண் இருப்பின் அதனை அழித்துவிட வேண்டும்.

இதே காரணத்தால் 0.1 என்னும் எண்ணும் தோன்றும். ஆவணத்தில் முதல் நிலைத் தலைப்பு எதுவும் வருமுன்பே இரண்டாம் நிலைத் தலைப்பு வந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

சில வேளைகளில் ஒன்றிரண்டு தலைப்புகள் அல்ல, ஆவணம் முழுவதிலும் உள்ள இரண்டாம் நிலை எண்கள் யாவும் 1 எனத் தொடங்கும். இவ்வாறாயின் தவறு பட்டியல் வரையறையிலேயே உள்ளது. எண் வடிவத்தை அமைக்கும் பெட்டியில் சாம்பல் நிறப் பின்னணியோடு தெரியும் இலக்கங்கள் உண்மையில் இலக்கங்கள் அல்ல, குறியீடுகள். கோப்பினுள் இவை விழுக்காட்டுக் குறியும் நிலை எண்ணுமாகச் சேமிக்கப்படுகின்றன. அவ்விடத்தில் பயனர் விசைப்பலகையிலிருந்து 1 எனத் தட்டச்சு செய்துவிட்டால், அது எல்லா இயல்களிலும் மாறாத 1 ஆகவே நிற்கும். மேல்நிலை எண்ணைச் சேர்க்க "இன்க்ளூட் லெவல் நம்பர் ஃப்ரம்" என்னும் பட்டியையே பயன்படுத்தவேண்டும். புள்ளியை மட்டும் கையால் இடலாம்.

மூன்றாவதாகவும் ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு தலைப்புப் பாணியையும் தனித்தனியே திருத்தி, பாணித் திருத்தப் பெட்டியின் வழியாகவே எண் சேர்ப்போர் பலர். பார்வைக்கு இது சரியான வழி போலவே தோன்றும். ஆனால் அங்கு சேர்க்கப்படுவது ஒற்றை நிலைப் பட்டியலே ஆதலால், ஹெடிங் 1 ஒரு பட்டியலிலும் ஹெடிங் 2 இன்னொன்றிலுமாகப் பிரிந்து நிற்கும்.

எண் மீண்டும் தொடங்காமை

முதல் எண் சரியாக மாறி, இரண்டாம் எண் மட்டும் 1.3 ஐ அடுத்து 2.4 எனத் தொடர்ந்தால், பட்டியல் இணைப்பு சரியாகவே உள்ளது. மீண்டும் தொடங்கும் அமைப்பு மட்டுமே அணைக்கப்பட்டுள்ளது. பட்டியல் வரையறைப் பெட்டியில் "மோர்" பொத்தானை அழுத்தி, இரண்டாம் நிலையைத் தெரிவு செய்து, "ரீஸ்டார்ட் லிஸ்ட் ஆஃப்டர்" என்பதில் முதல் நிலையைக் குறிக்கவேண்டும்.

இவ்விடத்தில் பலர் செய்வது, எண்ணின் மீது வலச்சொடுக்கு இட்டு "ரீஸ்டார்ட் அட் 1" எனத் தெரிவு செய்வதாகும். எண் உடனே சரியாகிவிடும். ஆனால் உள்ளே புதிய பட்டியல் நிகழ்வு ஒன்று உருவாகி, அத்தலைப்பும் அதன் பின்வருபவையும் அதற்கு மாற்றப்படுகின்றன. பத்து இயல்களில் இவ்வாறு செய்தால் பத்து நிகழ்வுகள். பின்னர் இயலொன்றை இடம் மாற்றும்போதுதான் இதன் விளைவு தெரியவரும். சாதாரண எண்பட்டியல்களுக்கு இக்கட்டளை பொருத்தமானதே. தலைப்புகளுக்கு இதனைத் தவிர்ப்பது நன்று.

ரோமன் எண் கலத்தல்

இயல்களுக்கு ரோமன் எண்ணும் துணைத் தலைப்புகளுக்கு அரபு எண்ணும் கோரும் ஆய்வேட்டு விதிகள் உள்ளன. அப்போது துணைத் தலைப்பில் ரோமன் மூன்றும் அரபு ஒன்றும் கலந்து வரும். இதற்கு "லீகல் ஸ்டைல் நம்பரிங்" என்னும் தெரிவு உள்ளது. அதனைக் குறித்த நிலையில், மேல்நிலை எண்கள் எவ்வடிவில் இருப்பினும் அரபு எண்களாகவே காட்டப்படும். இயல் தலைப்பில் ரோமன் எண் மாறாது நிற்கும். துணைத் தலைப்பு 3.1 என அமையும்.

எண் விடுபடுதலும் வெற்று எண்ணும்

2.3 ஐ அடுத்து 2.5 வந்தால் இடையில் உள்ள 2.4 எங்கோ இருக்கின்றது என்றே கொள்ளவேண்டும். தலைப்புப் பாணி இடப்பட்ட வெற்றுப் பத்தி, மறைக்கப்பட்ட உரை, மாற்றங்களைத் தடமறியும் வசதியில் நீக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டும் இன்னும் ஏற்கப்படாத தலைப்பு ஆகியன வழக்கமான மறைவிடங்கள். பக்கத்தின் இறுதியில் இடைவெளிக்காக அழுத்தப்பட்ட என்டர் விசை வெற்றுத் தலைப்பாக மாறியிருத்தலும் உண்டு. "நேவிகேஷன்" பலகத்திலும் அவுட்லைன் காட்சியிலும் தலைப்புகளை வரிசையாகப் பார்த்து, பத்திக் குறிகளையும் காட்டச்செய்தால் இவற்றைக் கண்டுபிடிப்பது எளிது.

தமிழ் ஆய்வேடுகளில் "இயல் 1" என்பது ஒரு வரியிலும் இயலின் பெயர் அடுத்த வரியிலும் அமைதல் வழக்கம். இடையில் என்டர் அழுத்தினால் இயலின் பெயரே "இயல் 2" ஆகிவிடக்கூடும். எண்ணை அடுத்து ஷிப்ட், என்டர் விசைகளை ஒருசேர அழுத்தி வரிமுறிவு மட்டும் இடவேண்டும்.

கறுப்புக் கட்டம்

எண்கள் இருந்த இடத்தில் கறுப்பு நிறச் செவ்வகங்கள் தோன்றுதல் வேர்டில் நெடுங்காலமாக அறியப்பட்ட கோளாறு ஆகும். பட்டியல் நிலையின் எழுத்து வடிவமைப்பு சிதைவதே இதற்குக் காரணம். ஆவணம் கெட்டுவிட்டது என்று அஞ்சவேண்டியதில்லை. தலைப்புகளின் உரைக்கு எதுவும் நேர்வதில்லை. கட்டத்தை அடுத்து இடஞ்சுட்டியை வைத்து, இட அம்பு விசையால் கட்டம் சாம்பல் நிறமாகும் வரை நகர்த்தவேண்டும். பின் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ் விசைகளை அழுத்தி "ரீஅப்ளை" என்பதைச் சொடுக்கவேண்டும். சிதைவு பல நிலைகளில் பரவியிருப்பின், எல்லாப் பட்டியல்களின் எல்லா நிலைகளிலும் எழுத்துரு அமைப்பை மீட்டமைக்கும் சிறு குறுநிரல் ஒன்றை இயக்குதல் எளிது.

எண்ணுக்கும் தலைப்புக்கும் இடையிலான இடைவெளி

1.9 வரை ஒழுங்காக நின்ற தலைப்புகள் 1.10 முதல் வலப்புறம் விலகிச் செல்லும். எண்ணை அடுத்து வருவது தத்தல் குறி ஆதலால், எண் அகன்று குறித்த இடத்தைத் தாண்டியவுடன் உரை அடுத்த தத்தல் இடத்துக்குத் தாவுகின்றது. இயல்புநிலைத் தத்தல் இடைவெளி அரை அங்குலம், அதாவது 1.27 செ.மீ. ஆகும். "டெக்ஸ்ட் இன்டென்ட் அட்" மதிப்பைப் போதிய அளவு கூட்டுவது தீர்வாகும். இதனை அளவுகோலை இழுத்துச் செய்யாமல் பட்டியல் வரையறைப் பெட்டியிலேயே செய்யவேண்டும். இல்லையேல் அது நேரடி வடிவமைப்பாகி அந்த ஒரு தலைப்பை மட்டுமே பாதிக்கும்.

வேறு கணினியில் மாறுதல்

வீட்டில் சரியாக இருந்த எண்கள் அச்சகத்தில் மாறிவிட்டன என்பது அடிக்கடி கேட்கப்படும் முறையீடு. வார்ப்புரு இணைப்புப் பெட்டியில் உள்ள "ஆட்டோமேட்டிகலி அப்டேட் டாகுமென்ட் ஸ்டைல்ஸ்" என்னும் தெரிவு குறிக்கப்பட்டிருந்தால், ஆவணம் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதன் பாணிகள் அக்கணினியில் உள்ள வார்ப்புருவின் பாணிகளால் மாற்றப்படும். அங்குள்ள வார்ப்புருவில் ஹெடிங் பாணிகள் எண் அற்றவையாக இருப்பின் எண்கள் மறைந்துவிடும். இத்தெரிவை நீக்கியே கோப்பை அனுப்பவேண்டும். அச்சுக்கு மட்டும் அனுப்புவதாயின் பிடிஎஃப் வடிவில் தருவதே பாதுகாப்பானது.

பிற ஆவணங்களிலிருந்து வெட்டி ஒட்டுவதும் இத்தகையதே. ஒட்டப்படும் பத்தியோடு அதன் பட்டியல் வரையறையும் உடன் வருகின்றது. பலர் எழுதிய பகுதிகளை ஒன்றிணைத்து அறிக்கை ஆக்கும்போது பட்டியல்கள் குவிவது இதனாலேயே. உரையை மட்டும் ஒட்டி, பின்னர் பாணியை இடுவது சற்றுக் கூடுதல் உழைப்பு எனினும் பிந்தைய குழப்பத்தைத் தவிர்க்கும்.

குறுக்குச்சுட்டுகளும் படங்களின் எண்களும்

தலைப்பு எண்கள் சரியாக இருந்தும் உரையினுள் "பிரிவு 3.2 ஐப் பார்க்க" என்பது தவறாக இருக்கலாம். கையால் எழுதப்பட்ட சுட்டு ஒருபோதும் மாறாது. குறுக்குச்சுட்டுக் கட்டளையால் செருகப்பட்டது ஒரு புலம் ஆகும். அதுவும் உடனுக்குடன் மாறுவதில்லை. ஆவணம் முழுவதையும் தெரிவு செய்து எஃப்9 விசையை அழுத்தியபின்னரே பொருளடக்கமும் சுட்டுகளும் புதுப்பிக்கப்படும். சுட்டப்பட்ட தலைப்பு நீக்கப்பட்டிருந்தால் அவ்விடத்தில் பிழைச் செய்தி அச்சாகும். ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் "எரர்" என்னும் சொல்லைத் தேடிப் பார்ப்பது பயனுள்ள பழக்கம்.

படங்களுக்கு "படம் 2-1" என இயல் எண்ணோடு பெயரிடும் வசதி, ஹெடிங் 1 பாணியின் எண்ணையே எடுத்துக்கொள்கின்றது. இயல் எண் கையால் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் "படம் 0-1" எனவே வரும். படத்தின் பெயரைத் திருத்துவதால் பயனில்லை. திருத்தவேண்டியது இயல் தலைப்பை.

எண் வேண்டாத தலைப்புகளும் பின்னிணைப்புகளும்

நன்றியுரை, முன்னுரை, துணைநூற்பட்டியல் ஆகியவை பொருளடக்கத்தில் இடம்பெறவேண்டும். ஆனால் எண் பெறுவதில்லை. ஹெடிங் 1 பாணியை இட்டு எண்ணை மட்டும் அழிப்பது நிலையான தீர்வு அன்று. பாணி மீண்டும் இடப்பட்டால் எண் திரும்பிவிடும். நார்மல் பாணியை அடிப்படையாகக் கொண்டு புதிய பாணி ஒன்றை உருவாக்கி, தோற்றத்தை ஹெடிங் 1 போல அமைத்து, பத்தி அமைப்பில் "அவுட்லைன் லெவல்" என்பதை 1 ஆக வைத்தால், எண் இன்றியே அது பொருளடக்கத்தில் சேரும்.

பின்னிணைப்புகளுக்கு எழுத்து வரிசை வேண்டும். பயன்படாதிருக்கும் ஏழாம் நிலையை ஹெடிங் 7 பாணியோடு இணைத்து, எண் வடிவத்தில் "பின்னிணைப்பு" என்னும் சொல்லைச் சேர்த்து, எழுத்து வகை எண்ணைத் தெரிவு செய்வது வழக்கம். இவ்வாறு செய்யும்போது ஏழாம் நிலையின் மறுதொடக்கத் தெரிவை நீக்கவேண்டும். இல்லையேல் இடையில் மேல்நிலைத் தலைப்பு எது வந்தாலும் பின்னிணைப்பு வரிசை மீண்டும் முதல் எழுத்துக்குச் சென்றுவிடும். பொருளடக்கத்தில் ஏழாம் நிலையை முதல் நிலையாகக் காட்டும்படி அமைக்கவும் மறக்கலாகாது.

தமிழ் ஆவணங்களில் எழும் சிக்கல்கள்

ஒருங்குறி பரவலாவதற்கு முன் தட்டச்சு செய்யப்பட்ட ஆவணங்களில் விந்தையான எண்கள் சில காணப்படும். பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகள் வைக்கப்பட்டுள்ளன. தலைப்புப் பாணியின் எழுத்துரு பாமினியாக இருந்து எண் வடிவம் ரோமனாக இருந்தால், முதல் இயல் "ஐ" எனவும், இரண்டாம் இயல் "ஐஐ" எனவும், நான்காம் இயல் "ஐஏ" எனவும், பத்தாம் இயல் "ஓ" எனவும் தோன்றும். ஆங்கிலச் சிறிய எழுத்து வரிசை "ய, டி, உ" என அமையும். அரபு இலக்கங்கள் மாறுவதில்லை ஆதலால், எண் வடிவம் அரபு ஆக இருக்கும்வரை இக்குறை வெளிப்படுவதில்லை. பட்டியல் நிலையின் எழுத்துருவை மட்டும் வேறொன்றாக மாற்றுவதே தீர்வு.

இத்தகைய ஆவணத்தை ஒருங்குறிக்கு மாற்றும்போது இன்னொரு சிக்கல் எழும். உரை மாற்றிகள் ஆவணத்தில் தட்டச்சு செய்யப்பட்ட உரையை மட்டுமே மாற்றுவன. எண் வடிவத்தினுள் எழுதப்பட்ட "இயல்", "பின்னிணைப்பு" ஆகிய சொற்கள் உரையின் பகுதி அல்ல. ஆகவே எழுத்துரு மாறியபின் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக எஞ்சி நிற்கும். பட்டியல் வரையறையில் அவற்றை ஒருங்குறியில் மீண்டும் எழுதவேண்டும்.

ஒருங்குறி ஆவணங்களிலும் "இயல்" என்னும் சொல் ஓர் அளவிலும் அதன் எண் வேறோர் அளவிலும் தோன்றுவதுண்டு. வேர்டு தமிழைச் சிக்கலான எழுத்துமுறைகளுள் ஒன்றாகக் கொண்டு, அதற்குத் தனி எழுத்துருவையும் அளவையும் தடிப்பையும் பேணுகின்றது. இலக்கங்கள் இலத்தீன் அமைப்பைப் பின்பற்றுகின்றன. எழுத்துருப் பெட்டியில் "காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்" பகுதியிலும் அதே அளவைத் தந்தால் இரண்டும் ஒத்துவரும்.

தலைப்புகளுக்கு ௧, ௨, ௩ எனத் தமிழ் எண்களை இட விரும்புவோர் ஏமாற்றமடைவர். ஓப்பன் எக்ஸ்எம்எல் தரநிலையின் எண் வடிவப் பட்டியலில் இந்தி எண்களும் தாய் எண்களும் உள்ளன. தமிழ் எண்கள் இல்லை. மரபுத் தமிழ் எண்முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் (௰, ௱, ௲) இருந்தமையும், சுழியத்துக்கான குறி ஒருங்குறியில் 4.1 ஆம் பதிப்பில்தான் (2005) சேர்க்கப்பட்டமையும் இங்கு குறிப்பிடத்தக்கன. வடிவப் பெட்டியில் தமிழ் இலக்கத்தைக் கையால் இட்டால், மேலே கூறியவாறு அது மாறாத எழுத்தாகவே நிற்கும்.

அடியிலிருந்து சீரமைத்தல்

பட்டியல்கள் பல குவிந்து எது எதனோடு இணைந்துள்ளது எனக் கண்டறிய இயலாத நிலையில், ஒவ்வொன்றாகத் திருத்துவதை விடுத்து எண்ணிடலை முழுதாக மீண்டும் அமைப்பதே விரைவானது. முதலில் கோப்பின் படி ஒன்றை எடுத்து வைத்தல் வேண்டும்.

ஹெடிங் 1 பாணியில் உள்ள முதல் தலைப்பில் இடஞ்சுட்டியை வைத்து, "ஹோம்" தத்தலில் உள்ள "மல்டிலெவல் லிஸ்ட்" பொத்தானை அழுத்தி, "டிஃபைன் நியூ லிஸ்ட் ஸ்டைல்" என்பதைத் தெரிவு செய்யவேண்டும். இப்பொத்தான் வேர்டு 2007 முதல் உள்ளது. அதற்கு முந்தைய பதிப்புகளில் "ஃபார்மட்" பட்டியில் "புல்லட்ஸ் அண்டு நம்பரிங்" பெட்டியின் "அவுட்லைன் நம்பர்டு" பகுதியில் இவ்வசதி இருந்தது. பட்டியல் பாணிக்கு ஒரு பெயர் இட்டு, "ஃபார்மட்" வழியாக "நம்பரிங்" பெட்டியைத் திறக்கவேண்டும். பெயரிடப்பட்ட பட்டியல் பாணியாக உருவாக்குவதன் நன்மை, பின்னர் திருத்தவேண்டியபோது அதே வரையறையை மீண்டும் திறக்க முடிவதே.

பெட்டியில் முதல் நிலையைத் தெரிவு செய்து "லிங்க் லெவல் டு ஸ்டைல்" என்பதில் ஹெடிங் 1 ஐக் குறிக்கவேண்டும். அடுத்து இரண்டாம் நிலை. வடிவப் பெட்டியில் உள்ளதை முற்றாக அழித்து, மேல்நிலை எண்ணைப் பட்டியிலிருந்து சேர்த்து, புள்ளி இட்டு, பின் அந்நிலைக்குரிய எண் வகையைத் தெரிவு செய்து, ஹெடிங் 2 ஐ இணைக்கவேண்டும். தேவையான எல்லா நிலைகளுக்கும் இவ்வாறே செய்தபின் பெட்டியை மூடலாம். ஒன்பது நிலைகளையும் ஒரே அமர்வில் முடிப்பது நல்லது. பாதியில் மூடிவிட்டு வேறோரிடத்தில் மீண்டும் தொடங்குவோருக்கே இரட்டைப் பட்டியல்கள் உருவாகின்றன.

இதன் பின்னும் இணங்காத தலைப்புகள் சில இருக்கும். அவை நேரடி வடிவமைப்பு உடையவை. அவற்றில் கன்ட்ரோல் க்யூ அழுத்தி, தட்டச்சு செய்யப்பட்ட பழைய எண்கள் இருப்பின் நீக்கவேண்டும். இறுதியாக ஆவணம் முழுவதையும் தெரிவு செய்து புலங்களைப் புதுப்பிக்கவேண்டும். இவ்வாறு அமைத்த ஆவணத்தில் தலைப்பின் நிலையை மாற்ற ஆல்ட், ஷிப்ட் விசைகளோடு இட, வல அம்பு விசைகளைப் பயன்படுத்தினால் போதும். பாணியும் எண்ணும் சேர்ந்தே மாறும்.

பிற மென்பொருட்கள்

ஓப்பன் ஆபிஸிலும், 2010 இல் அதிலிருந்து பிரிந்த லிப்ரே ஆபிஸிலும் தலைப்பு எண்ணிடல் பிற பட்டியல்களிலிருந்து தனியாக, "டூல்ஸ்" பட்டியின் கீழ் வைக்கப்பட்டுள்ளது. ஓர் ஆவணத்துக்கு ஒரே தலைப்பு எண்ணமைப்பு மட்டுமே உண்டு. வேர்டில் ஒன்பதாக உள்ள நிலைகள் இங்கு பத்து. இதனால் பட்டியல்கள் குவியும் சிக்கல் வெகுவாகக் குறைகின்றது. இங்கு பெரும்பாலும் நேரும் தவறு, "ஷோ சப்லெவல்ஸ்" என்பதை 1 ஆகவே விட்டுவிடுவதாகும். அப்போது இரண்டாம் நிலைத் தலைப்பு 2.1 என வராமல் வெறும் 1 என வரும். இரண்டாம் நிலைக்கு 2, மூன்றாம் நிலைக்கு 3 என அதனை மாற்றவேண்டும்.

லேடெக் முறையில் எண்ணிடல் கட்டளைகளோடு பிணைக்கப்பட்டிருப்பதால் தலைப்பு ஒன்று வேறு பட்டியலுக்குத் தப்பிச் செல்ல வாய்ப்பில்லை. கட்டளையில் ஓர் உடுக்குறி இட்டால் எண் இல்லாத தலைப்பு கிடைக்கும். பின்னிணைப்புக் கட்டளைக்குப் பின் இயல் எண்கள் எழுத்துகளாக மாறும். குறுக்குச்சுட்டுகள் சரியாக அமையக் கோப்பை இருமுறை தொகுக்கவேண்டும். ஒருமுறை மட்டும் தொகுத்தால், எண்ணுக்குப் பதிலாக இரட்டைக் கேள்விக்குறியோ முந்தைய தொகுப்பின் பழைய எண்ணோ அச்சாகும்.